பழந்தின்னிப் பறவைகளுக்காக ஒரு மரம்

மரக்கிளையை வெட்டப் போகிறீர்களா? ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். காய் இருந்தால், பழுத்துத் தீரும்வரை பொறுங்கள்.

நகரம் விரிய விரிய முதலில் காணாமல் போவது பெரும்பாலும் பெரிய பழந்தின்னிப் பறவைகள்தான். மிஞ்சும் சிறிய பறவைகளின் வாய் அகலம் குறைவு. பெரிய பழத்தைக் கொத்தலாம், விழுங்க முடியாது. அதனால் பெரிய விதை தாய்மரத்தடியிலேயே விழுந்து வீணாகிறது. எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மரம் காய்க்கிறது, ஆனால் அதன் விதையைத் தூக்கிச் செல்ல ஆளில்லை.

இடம் இருந்தால் ஆல், அரசு, அத்தி என அத்தி இனத்தில் ஒன்றை நடுங்கள். 1,200-க்கும் மேற்பட்ட பறவை, விலங்கு இனங்கள் அத்திப்பழங்களை உண்கின்றன. பல அத்தி இனங்களில் மரத்துக்கு மரம் பழுக்கும் காலம் மாறுவதால், மற்றவை காய்க்காத மாதங்களிலும் எங்காவது ஒன்றில் பழம் கிடைக்கும். ஆனால் சுவரையும் குழாயையும் விட்டுத் தள்ளி நடுங்கள், வேர் பொல்லாதது. இடம் இல்லையா? சரி, உங்கள் மண்ணுக்குரிய, சிறு பழம் தரும் புதர் ஒன்று போதும். உண்ணிச்செடி மட்டும் வேண்டாம், அது மற்ற செடிகளை அமுக்கிப் பரவும் அயல்நாட்டுக் களை. பறவைகள் அதன் விதையைக் காடுவரை கொண்டுபோய்விடும்.

அப்புறம், பழமரத்துக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.