ஒதுக்கப்பட்ட பின்னணி இசையை மறுபடியும் காட்சியில் பொருத்துவது எப்படி? ‘ஏலியன்’ படத்தை வைத்து ஒரு செய்முறை

படத்துக்கென்றே எழுதி, ஆர்க்கெஸ்ட்ராவை உட்கார வைத்துப் பதிவும் செய்துவிட்டு, கடைசி நேரத்தில் காட்சியிலிருந்து கழற்றிய இசை உலக சினிமாவில் நிறைய உண்டு. நாம் ஆர்.ஆர். என்று சொல்கிறோமே, அந்தப் பின்னணி இசைதான். கழற்றியதை அதே காட்சியில் மறுபடி உட்கார வைத்துப் பார்ப்பதற்கு வீட்டுக் கணினியும் ஓரளவு நல்ல ஹெட்ஃபோனும் போதும்.

பயிற்சிக்கு 1979இல் வந்த ‘ஏலியன்’ படத்தை எடுத்துக்கொள்வோம். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் எழுதிய இசையில் பல துண்டுகளை இயக்குநர் ரிட்லி ஸ்காட்டும் எடிட்டர் டெர்ரி ராலிங்ஸும் மாற்றினார்கள். எடிட்டிங்கின்போது தற்காலிகமாகப் போட்டிருந்த, கோல்ட்ஸ்மித்தே 1962இல் ‘ஃபிராய்ட்’ படத்துக்குப் போட்ட இசை சில இடங்களில் அப்படியே தங்கிவிட்டது. கடைசியில் எழுத்துகள் ஓடும்போது கேட்பது ஹோவர்ட் ஹான்சனின் இரண்டாம் சிம்ஃபனி. தொடக்க டைட்டில் இசையையும் கோல்ட்ஸ்மித் வேறு மாதிரி மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

புதிதாகப் பழகுபவர்களுக்கு இந்தப் படத்தைப் பரிந்துரைக்கக் காரணம் உண்டு. ஒதுக்கப்பட்ட துண்டுகள் உட்பட முழு இசையும் 2007இல் இன்ட்ராடா நிறுவனத்தின் இரட்டை சிடியாக வந்திருக்கிறது. 2010 ப்ளூ-ரே தொகுப்பில், இசையமைப்பாளர் முதலில் நினைத்தபடியான இசை மட்டும் ஒரு தனி டிராக்காகவும், படத்தில் கடைசியாக வந்த இசை மட்டும் இன்னொரு டிராக்காகவும் இருக்கின்றன. எந்தத் துண்டு எந்த நொடியில் தொடங்க வேண்டும் என்று நாம் ஊகிக்கவே வேண்டாம்.

தேவையானவை

சொந்தமாக வாங்கிய ப்ளூ-ரேயும் சிடியும். ஒலியைத் தொகுக்க ரீப்பர் மென்பொருள், இல்லையென்றால் டாவின்சி ரிசால்வ். ஆடாசிட்டியில் ஸ்டீரியோ வேலை மட்டும்தான் சுலபம், 5.1 (ஆறு சேனல் சுற்றொலி) வந்துவிட்டால் திணறும். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்க எம்கேவிடூல்நிக்ஸ். செய்து முடித்தது வீட்டில் பார்ப்பதற்கு மட்டும். இணையத்தில் ஏற்றினால் பதிப்புரிமைச் சிக்கல் வரும்.

வட்டில் 1979 திரையரங்குப் பதிப்பும் 2003 இயக்குநர் பதிப்பும் இருக்கும். இரண்டிலும் வெட்டுகள் வேறு வேறு. திரையரங்குப் பதிப்பை எடுங்கள். மற்றதை எடுத்துவிட்டு ‘முதல் அரை மணி நேரம் சரியாக வருகிறது, அப்புறம் நழுவுகிறது’ என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

படி 1: அடிப்படை அமைப்பு

புராஜெக்ட்டை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், விநாடிக்கு 23.976 ஃபிரேம் என்று வையுங்கள். சிடி 44.1 கிலோஹெர்ட்ஸ். அதை 48க்கு முறையாக மாற்றிய பிறகே உள்ளே கொண்டுவாருங்கள். மாற்றாமல் 48 என்று மென்பொருளை நம்பவைத்தால் இசை ஏறத்தாழ 8.8 விழுக்காடு வேகமாக ஓடும், சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் ஏறிவிடும். காது உடனே கண்டுபிடிக்கும்.

காது கண்டுபிடிக்காத ஆபத்து வேறு. திரையரங்கில் படம் ஓடியது விநாடிக்கு 24 ஃபிரேம். வட்டில் அது 23.976. வித்தியாசம் 0.1 விழுக்காடுதான். ஆனால் மூன்று நிமிட இசையில் அது 180 மில்லிவிநாடி, அதாவது நான்கு ஃபிரேமுக்கு மேல். சிடி இசையின் வேகத்தையும் 0.1 விழுக்காடு குறைத்துப் பாருங்கள். சில சிடிகளுக்கு இது வேண்டியிருக்கும், சிலவற்றுக்கு வேண்டியிருக்காது. எது சரி என்பதைப் படி 3 சொல்லிவிடும். ஐரோப்பிய பால் (PAL) முறை டிவிடியிலிருந்து படம் எடுத்தால் வேகமே 4 விழுக்காடு கூடியிருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 2: எளிதான இடத்தில் தொடங்குங்கள்

முதல் பயிற்சி, இறுதி எழுத்துகள். வசனம் இல்லை, காலடிச் சத்தம் இல்லை, மறைக்க வேண்டிய எதுவும் இல்லை. பழைய ஒலியை அந்த இடத்தில் முழுக்க மௌனமாக்கிவிட்டு, கோல்ட்ஸ்மித்தின் முடிவு இசையை வைத்தால் போதும். எங்கே வைப்பது என்பதற்கு, ப்ளூ-ரேயில் இசையமைப்பாளர் முதலில் நினைத்தபடி இருக்கும் தனி இசை டிராக்கை வழிகாட்டியாக ஒரு வரிசையில் போட்டுக்கொள்ளுங்கள். அதையே ஏன் பயன்படுத்தக் கூடாது என்று கேட்கலாம். அது சுருக்கப்பட்ட டால்பி ஒலி. சிடியில் இருப்பது சுருக்காத ஒலி. வழிகாட்டியாக அது, காதுக்கு இது.

படி 3: இரண்டு புள்ளிச் சோதனை

இந்தப் படி மனசில் ஏறிவிட்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்தான். இசையின் தொடக்கத்தில் தெளிவான ஓர் அடி, உதாரணமாக ஒரு டிம்பனி முரசின் முழக்கம் அல்லது பிராஸ் எனும் பித்தளை ஊதுகருவிகளின் நுழைவு, அதைச் சிடியிலும் வழிகாட்டி டிராக்கிலும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருத்துங்கள். அலைவடிவத்தை நன்றாகப் பெரிதாக்குங்கள். 23.976இல் ஒரு ஃபிரேமுக்கு 2002 சாம்பிள் (விநாடிக்கு 48,000 முறை எடுக்கும் ஒலி அளவீடு) வரும், அந்த அளவுக்குள் நில்லுங்கள். இப்போது அதே இசையின் கடைசியில் இன்னொரு தெளிவான அடிக்குப் போய்ப் பாருங்கள்.

அங்கேயும் பொருந்தினால் வேலை முடிந்தது. சற்று விலகியிருந்தால் நடுவில் மூன்று நான்கு இடங்களில் பார்த்துக்கொண்டே வாருங்கள். விலகல் கொஞ்சம் கொஞ்சமாக, சீராகக் கூடிக்கொண்டே போனால் அது வேகக் கோளாறு. மேலே சொன்ன 0.1 விழுக்காடாக இருக்கும். ஓரிடம் வரை சரியாக வந்து திடீரென்று தாவினால், அங்கே இசையை வெட்டியிருக்கிறார்கள் அல்லது வேறு டேக் போட்டிருக்கிறார்கள். வேகக் கோளாற்றுக்கு வெட்டு மருந்தாகாது, வெட்டுக்கு நீட்டல் மருந்தாகாது. புதியவர்கள் பாதிப்பேர் இங்கேதான் மாற்றிச் செய்து கெடுக்கிறார்கள்.

வழிகாட்டி டிராக் இல்லாத வேறு படங்களில், படத்தையே புள்ளியாக்க வேண்டும்: கதவு மூடுவது, ஷாட் மாறுவது, முகம் திரும்புவது. அந்த மாதிரிப் படங்களில் மூலப் பதிவா, மறுபதிவா என்று கவனியுங்கள். ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்துக்கு அலெக்ஸ் நார்த் எழுதி ஒதுக்கப்பட்ட இசையை 1993இல் இதே கோல்ட்ஸ்மித் நடத்திப் புதிதாகப் பதிவு செய்தார். கேட்க அருமை. ஆனால் அது ஆல்பத்துக்காக வாசித்தது, படத்தை ஓடவிட்டு வாசித்ததல்ல. பொருத்துவதற்கு நார்த்தின் 1968 மூலப் பதிவுதான் வேண்டும். அதுவும் 2007இல் சிடியாக வந்துவிட்டது.

படி 4: தொடக்க டைட்டில்

கோடு கோடாகத் தோன்றி மெல்லப் படத்தின் பெயராகும் அந்தத் தொடக்கம். இங்கே வசனம் கிடையாது. ஆனால் முழுக்க மௌனமாக்குவதற்கு முன், நடு ஸ்பீக்கரையும் துணை ஒலிகளையும் தனித்தனியே கேளுங்கள். இசை அல்லாத ஏதாவது ஒலி இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். டைட்டில் முடிந்து அடுத்த ஷாட்டுக்குப் போகும் இடத்தில் பழைய ஒலியை ஒன்றிரண்டு விநாடி குறுக்கே கரைத்து இணையுங்கள். பட்டென்று வெட்டினால் பின்னால் இருக்கும் விண்கப்பலின் முணுமுணுப்பு திடீரென்று முளைத்தது போலக் கேட்கும்.

படி 5: வசனம் உள்ள காட்சி

இது கஷ்டம். வேற்றுக்கிரக உயிரின் அமில இரத்தம் கப்பலைத் தளம் தளமாகத் துளைத்துக்கொண்டு இறங்க, ஆட்கள் கீழே ஓடும் காட்சியில் ‘ஃபிராய்ட்’ இசை ஓடுகிறது. அதை எடுத்துவிட்டு மூல இசையை வைக்க வேண்டும். பழைய இசையை எடுப்பதுதான் முக்கால்வாசி வேலை.

5.1 ஒலியை ஆறு தனி வரிசைகளாகப் பிரியுங்கள். வசனம் பெரும்பாலும் நடுச் சேனலில் இருக்கும், இசை பெரும்பாலும் இடது வலது முன் சேனல்களிலும் பின்னாலும். நடுவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடிக் கேளுங்கள். வசனம் வரும், ஆனால் கிணற்றுக்குள் பேசுவது போல இருக்கும். காரணம், அறையின் சுற்றொலியும் இசையோடு சேர்ந்து போய்விட்டது. இசையில்லாத வேறொரு காட்சியிலிருந்து, அதே கப்பலின் வெறும் இரைச்சல் மட்டும் பத்துப் பதினைந்து விநாடி எடுத்து, முனைகளைக் கரைத்து, பக்கச் சேனல்களில் பரப்புங்கள். இதைச் செய்யாதவர்களின் வேலை கேட்ட மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

நடுவில் மிச்சமிருக்கும் இசைக்கசிவை எடுக்க, வசனம், இசை, ஒலிகள் என்று பிரிக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயன்படுத்தலாம். பாட்டிலிருந்து குரலைப் பிரிக்கும் டெமக்ஸ் போன்றவை வசனத்தைக் காப்பாற்றும், காலடியையும் அமிலத்தின் சீறலையும் இசை என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடும். சினிமாவுக்கென்றே பயிற்றுவித்த மாதிரியைத் தேடி எடுங்கள். அப்போதும் நீளமான வயலின் சுரம் காற்றொலியோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் தங்கும். புதிய இசை மேலே வந்ததும் பெரும்பகுதி மறைந்துவிடும், சுத்தத்துக்காக வசனத்தைச் சிதைக்க வேண்டாம்.

‘இறுதி இசை டிராக் தனியாக இருக்கிறதே, அதைத் தலைகீழாக்கிக் கழித்தால் பழைய இசை போய்விடுமே’ என்ற யோசனை எல்லோருக்கும் வரும். ஒரு முறை செய்து பாருங்கள். சுருக்கத்தாலும் மிக்ஸிங்கில் ஒலியளவு ஏறி இறங்கியதாலும் இரண்டும் ஒன்றுபோல இருக்காது. இசை போவதற்குப் பதில் நீருக்குள்ளிருந்து வருவது போல ஆகும்.

படி 6: ஒலியளவு

சிடி இசை படத்தைவிட உரக்க இருக்கும். முதலில் 10 டெசிபல் அளவுக்கு இறக்கிவிட்டு, வழிகாட்டி டிராக்கோடு ஒப்பிட்டுக் கூட்டிக் குறையுங்கள். முன் இடது வலதில் வையுங்கள், பின் சேனல்களுக்கு அதே இசையை 10 முதல் 12 டெசிபல் குறைத்து, உச்சங்களைச் சற்று மழுங்கடித்து அனுப்புங்கள். நடுச் சேனலில் இசை வேண்டாம். வசனம் வரும் இடங்களில் கையாலேயே 3, 4 டெசிபல் இறக்குங்கள். ஒலியளவைத் தானாக ஏற்றி இறக்கும் அமுக்கியை (கம்ப்ரஸர்) நம்பினால் இசை மூச்சு வாங்கும்.

இசை காட்சியைவிட நீளமாக இருந்தால், எழுதிய பிறகு காட்சியைக் குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீண்டு நிற்கும் சுரத்தில் வெட்டி 30 மில்லிவிநாடி கரைத்து ஒட்டுங்கள். நீட்டிச் சுருக்குவதில் அரை விழுக்காட்டைத் தாண்டாதீர்கள், பித்தளைக் கருவிகள் முதலில் காட்டிக்கொடுக்கும்.

படி 7: கோப்பாக்குதல்

ஆறு சேனல்களையும் ஃபிளாக்காக (தரம் குறையாமல் சுருக்கும் ஒலிக்கோப்பு வடிவம்) எழுதி, எம்கேவிடூல்நிக்ஸில் மூலப் படத்தோடு இரண்டாவது ஒலி டிராக்காகச் சேருங்கள். படத்தை மறுபடி சுருக்கத் தேவையே இல்லை. வசனம் வலது ஸ்பீக்கரில் மட்டும் கேட்டால் சேனல் வரிசை மாறியிருக்கிறது. ஃபிளாக்கில் இடது, வலது, நடு என்று வரும், சில டால்பி கருவிகள் இடது, நடு, வலது என்று எழுதும். மூல ஒலியையும் அழிக்காமல் முதல் டிராக்காக வைத்திருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ரிமோட்டில் டிராக் மாற்றினால், ஒரே காட்சியில் இரண்டு இசையையும் அடுத்தடுத்துக் கேட்கலாம்.