ரெட்டைக்கரு முட்டையில் குஞ்சு எடுக்க: கடைசி மூன்று நாள்தான் வேலை

கடையில் வாங்கும் வெள்ளை முட்டையில் ரெட்டைக்கரு கிடைத்தால் ஆம்லெட் போட்டுவிடுங்கள். அந்தப் பண்ணைகளில் சேவல் கிடையாது. எத்தனை நாள் சூடு காட்டினாலும் கூமுட்டைதான். சேவலோடு திரியும் கோழியின் முட்டை வேண்டும். வாத்து என்றால் குறுவை அறுத்த வயலில் ஆண் வாத்தோடு மேயும் பட்டியிலிருந்து வாங்கலாம். புதிதாக முட்டைக்கு வந்த விடைக்கோழிதான் அதிகம் இப்படி இடும்: இரண்டு மஞ்சள் கரு அடுத்தடுத்துக் கழன்று ஒரே ஓட்டுக்குள் அடைபட்டுவிடும்.

நாட்டுக்கோழி முட்டை 40–45 கிராம் என்றால் ரெட்டைக்கரு 60ஐத் தாண்டும். இருட்டில் டார்ச் மேல் வைத்து மெல்லச் சுழற்றுங்கள்; இரண்டு நிழல் தனித்தனியாக நகரும். அழுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும், கழுவ வேண்டாம்.

பெரும்பாலானவை பொரிக்காது என்று தெரிந்தே வையுங்கள். முட்டையில் காற்றறை ஒன்றுதான். கடைசியில் அலகை அதற்குள் நீட்டித்தான் குஞ்சு முதல் மூச்சு விடும். இரண்டு குஞ்சு நெருக்கியடித்தால் ஒன்று திரும்ப முடியாமல் மூச்சடைக்கும், சில சமயம் இரண்டுமே. ஒன்று உயிரோடு வந்தாலே வெற்றி.

அடைக்கோழியா இன்குபேட்டரா என்றால், இரண்டும். முதல் 18 நாள் கோழி பார்த்துக்கொள்ளட்டும். கரண்ட் போகிற கவலையில்லை. கூடையில் மணல், மேலே வைக்கோல். இடிக்குப் பயந்து இரும்புத்துண்டும் கரியும் வைப்பது வழக்கம், வைத்தால் நஷ்டமில்லை. 18ஆம் நாள் முட்டையை எடுத்து இன்குபேட்டருக்கு மாற்றிவிட வேண்டும், ஏனென்றால் மற்றவை பொரித்ததும் கோழி குஞ்சுகளோடு இறங்கிப் போய்விடும்.

முழுக்க இன்குபேட்டரில்தான் என்றால் ஃபேன் உள்ளதில் 37.5 டிகிரி. ஓட்டில் ஒரு பக்கம் X, மறுபக்கம் O எழுதி, ஒரு நாளைக்கு ஐந்து முறை திருப்புங்கள். ஒற்றைப்படை எண் என்றால்தான் ஒவ்வொரு இரவும் பக்கம் மாறும். சில முட்டைகளுக்கு இரண்டு முனையும் ஒரே மாதிரி இருக்கும்; காற்றறை எங்கே என்று டார்ச் அடித்துப் பென்சிலில் வட்டம் போட்டு, படுக்க வையுங்கள்.

ஈரப்பதத்தில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். பெரிய முட்டை தண்ணீரை மெதுவாகத்தான் இழக்கும். அது போதாமல் போனால் காற்றறை சிறுத்துவிடும். இரண்டு குஞ்சுக்கு அதுவே எமன். முதல் 18 நாள் 40–45 சதவீதம் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தண்ணீர்த் தட்டே வேண்டியிருக்காது. தராசுதான் சரியான கணக்கு: 80 கிராம் முட்டை 18ஆம் நாளில் 70–71க்கு வர வேண்டும்.

ஐந்தாம் நாள் டார்ச் அடித்தால் சிலந்திபோல் இரண்டு சிவப்பு நரம்புக்கூட்டம் தெரிய வேண்டும். ஒன்றுதான் தெரிந்தால் மற்ற கரு கூடவில்லை, அல்லது செத்துவிட்டது. அப்போதும் வைக்கலாம்; நாற்றம் வந்தால் மட்டும் உடனே எடுத்துவிடுங்கள், வெடித்தால் மற்ற முட்டையும் கெடும்.

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65–70க்கு ஏற்றுங்கள். 20ஆம் நாளிலிருந்து அடிக்கடி டார்ச் அடியுங்கள். காற்றறைக்குள் அலகின் நிழல் அசைந்து, காதில் வைத்தால் கீச்சுச் சத்தம் கேட்டபின், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் காற்றறைக்கு மேலே 2 மில்லிமீட்டர் துளை போடுங்கள். அதற்கு முன் கை வைக்கக் கூடாது.

பிறகு காற்றறை மேலுள்ள ஓட்டை மட்டும் சிறிது சிறிதாகப் பெயர்த்து, உள்ளே தெரியும் வெள்ளைச் சவ்வில் வெதுவெதுப்பான நீரைப் பஞ்சால் ஒற்றுங்கள். சவ்வு கண்ணாடிபோல் ஆகும். சிவப்பு நரம்பு தடிப்பாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டு முட்டையை உள்ளே வையுங்கள். ஆறு மணி நேரம் கழித்துத்தான் அடுத்த பார்வை. அவசரப்பட்டுக் கிழித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும். நரம்பு வற்றியதும் முதல் குஞ்சின் அலகைச் சுற்றிச் சவ்வை விலக்குங்கள். இரண்டாவதின் தலை பெரும்பாலும் கீழே மடங்கிக் கிடக்கும். அதன் மூக்கைத் தேடிக் காற்றுப் பட விடுவதுதான் அடுத்த வேலை. உடம்பை இழுக்காதீர்கள். அடி ஓட்டோடு சேர்த்து ஈரத்துணி விரித்த டீ கிளாஸில் வைத்து இன்குபேட்டரில் விட்டால், மிச்ச மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளும். தொப்புளில் ஒரு சொட்டு பீட்டாடின். வெளியே தொங்கும் கருவை விரலால் உள்ளே தள்ளவே கூடாது.

வாத்துக்கு 28 நாள். திருப்புவதை 25இல் நிறுத்துங்கள். ஓட்டைக் கொத்திய பிறகும் வாத்துக்குஞ்சு ஒரு நாளுக்கு மேல் எடுத்துக்கொள்ளும், பொறுமை வேண்டும்.

பிறந்த ரெட்டைக்குஞ்சு சாதாரணக் குஞ்சைவிடச் சின்னதாக இருக்கும். மற்றவற்றோடு விட்டால் மிதிபடும். தனி அட்டைப்பெட்டியில் 35 டிகிரி சூட்டில் குண்டு பல்பின் கீழே வையுங்கள். கால் விரியாமலிருக்க அடியில் செய்தித்தாளுக்குப் பதில் சாக்குத்துணி.