சாப்பாட்டு நேரத்துக்கு முன் கை கழுவ வைத்தல்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வீட்டு முன்னறையில் நடக்கும் முன்பள்ளி என்றால் குழாய் ஒன்றுதான் இருக்கும். இருபது பிள்ளைகளையும் ஒரேயடியாக விட்டால் தள்ளுமுள்ளுதான். நான்கு நான்கு பேராக அனுப்புங்கள். மற்றவர்கள் பாயில் இருந்து பாடட்டும்.

கையை நனைத்து, குழாயைப் பூட்டி, சவர்க்காரம் போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும். பிள்ளைகள் உள்ளங்கையோடு நிறுத்திவிடுவார்கள்; பெருவிரலும் நக இடுக்கும் அப்படியே கிடக்கும். பெருவிரலை மற்றக் கையால் பொத்திச் சுழற்றிக் காட்டுங்கள். "ஒழுங்காகக் கழுவு" என்பது மூன்று வயதுக்கு விளங்காது. "பெருவிரலுக்குக் குளிக்க வார்ப்போம்" என்றால் உடனே செய்வார்கள்.

பொதுத் துவாய் வேண்டவே வேண்டாம். ஆளுக்கொன்று, அடையாளப் படத்தோடு, ஒன்றோடொன்று முட்டாமல் தொங்கட்டும். கொழும்புப் புழுக்கத்தில் லேசில் காயாது. தினமும் வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.

குழாயடி வாளியையும் கவிழ்த்துவிட்டுப் போங்கள், அதில் தேங்கும் தண்ணீரே டெங்கு நுளம்பு பெருகப் போதும்.