பார்படோஸ் போகிறவர்கள் பெட்டி கட்டும் முன்

கரீபியன் தீவு நாடான பார்படோஸுக்குச் சுற்றுலா போக இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். சிக்கல் வழியில்தான். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது. நியூயார்க், மயாமி வழியாகப் போனால், விமானம் மாறுவதற்கு மட்டுமே இறங்கினாலும் அமெரிக்க விசா கட்டாயம். லண்டன் வழி என்றால் அதற்கும் தனி டிரான்சிட் விதிகள் உண்டு. அதனால் விலையைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். முதலில் கையில் எந்த விசா இருக்கிறது என்று பாருங்கள்.

குடிவரவு, சுங்கப் படிவத்தை அரசு இணையதளத்தில் புறப்படும் முன்பே நிரப்பிவிடலாம். திரும்பும் டிக்கெட்டும் தங்குமிட முகவரியும் கேட்பார்கள், அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ராணுவச் சீருடை மாதிரி திட்டுத்திட்டான (கேமஃப்ளாஜ்) டிசைன் போட்ட சட்டை, தொப்பி, பை எதுவும் வேண்டாம். அங்கே பொதுமக்கள் அதை அணிவதே குற்றம், குழந்தைகளுக்கும் விலக்கில்லை. நம்மூரில் அரைக்கால் சட்டை வாங்கினால் பாதி அந்த டிசைனில்தான் வருகிறது!

பிரேசில் போன்ற மஞ்சள் காய்ச்சல் நாடுகளைத் தொட்டு வந்தால் தடுப்பூசிச் சான்றிதழ் தேவை. ஊசி போட்டு 10 நாள் கழித்தே அது செல்லும். பிறகு ஆயுளுக்கும் போதும். டெங்கு உண்டு, கொசு விரட்டி வையுங்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

பணம் மாற்ற அலைய வேண்டாம்: 2 பார்படோஸ் டாலர் 1 அமெரிக்க டாலர், கடைகளில் இரண்டும் செல்லும்.