மாதிரி விமானத்தில் சிறு டர்பைன் எஞ்சினைப் பாதுகாப்பாகப் பொருத்துவது எப்படி?

இந்த விளக்கம், ரேடியோவால் இயக்கப்படும் விமானங்களைக் கட்டியும் பறக்கவிட்டும் பழகியபின் முதன்முறையாக டர்பைனுக்கு வருபவர்களுக்கானது. ஆகவே சர்வோ, ரிசீவர், ஈர்ப்பு மையம் முதலியவற்றை மீண்டும் விளக்கப்போவதில்லை.

விமானத்தைத் தயாரித்தவர் எந்த உந்துவிசையைப் பரிந்துரைக்கிறாரோ அந்த அளவு எஞ்சினையே தேர்ந்தெடுங்கள். 100 நியூட்டன் உந்துவிசை தரும் எஞ்சின் நிமிடத்திற்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் முறை சுழல்கிறது. அதன் வெளியேற்ற வாயு 700 பாகை செல்சியஸை நெருங்கக்கூடும். தேவைக்கு மிஞ்சிய எஞ்சின் இறக்கையையும் வாலையும் தாங்கமுடியாத வேகத்திற்குக் கொண்டுபோய்விடும்.

முதலில், எஞ்சினைத் தாங்கும் ஒட்டுப்பலகைச் சட்டங்கள் முழுவதிலும் எபாக்சி பூசுங்கள், ஏனெனில் மண்ணெண்ணெய் ஊறிய மரத்தில் திருகுகளின் பிடி தளர்ந்துவிடும். கவ்வியைத் தன்னால் தளராத நட்டுகளைக் கொண்டு இறுக்குங்கள். எஞ்சினின் எந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்பதைக் கையேட்டில் உள்ள படத்தைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள்.

அடுத்தது வெளியேற்றக் குழாய். அதன் விரிந்த வாய், எஞ்சினின் நாசிலோடு ஒரே மையத்தில், கையேடு சொல்லும் இடைவெளியில் அமையவேண்டும். குழாயை முன்பக்கத்தில் மட்டும் திருகி, பின்முனை நகர இடம் விடுங்கள்: ஒரு மீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய் 300 பாகை சூடேறினால் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் நீளும், இரு முனைகளையும் இறுக்கிவிட்டால் அந்த நீட்சி குழாயை வளைக்கும் அல்லது உடற்சட்டத்தைப் பிளக்கும். எஞ்சினுக்கு முன்னால் தளர்ந்த வயர், ஸ்டிக்கர், பஞ்சுத்துண்டு எதுவும் இருக்கக்கூடாது. உறிஞ்சுவாயை மூடும் கம்பிவலை இல்லாமல் நான் எஞ்சினை இயக்குவதில்லை.

எனக்கு அதிக நேரம் பிடித்த வேலை எரிபொருள் இணைப்புதான். தொட்டியிலிருந்து பம்ப் வரையிலான பகுதி உறிஞ்சும் பகுதி. பம்பிலிருந்து எஞ்சின் வரையிலானது அழுத்தப் பகுதி. அழுத்தப் பகுதியில் கசிவு இருந்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். உறிஞ்சும் பகுதியிலோ ஒரு துளிகூட வெளியே வராது; ஓட்டை விழுந்த உறிஞ்சுகுழலில் பானத்தோடு காற்றும் வருவதுபோல, குமிழி மட்டும் உள்ளே நுழையும். போதிய அளவு காற்று எஞ்சினை எட்டிவிட்டால் சுடர் அணைந்து, விமானம் உந்துவிசையற்ற கிளைடராகிவிடும். எரிபொருளில் கலந்துள்ள எண்ணெயே பேரிங்குகளுக்கும் மசகு என்பதால், குமிழி அவற்றிற்கும் கேடு.

ஆகவே பிரதான தொட்டிக்கும் பம்புக்கும் இடையே, குமிழிகளைப் பிடித்துவைக்கும் சிறு தொட்டியான காற்றுப்பொறித் தொட்டி ஒன்றைக் கட்டாயம் வையுங்கள். உறிஞ்சும் பகுதியில் அகன்ற டியூபையே பயன்படுத்துங்கள். இணைப்புகளின் எண்ணிக்கையை இயன்றவரை குறையுங்கள். சிலிக்கோன் டியூப் மண்ணெண்ணெயில் உப்பிவிடும் என்பதால் வேண்டாம். அழுத்திச் செருகும் இணைப்பிகளுக்கான டியூபைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், அதற்கென்றே உள்ள கட்டரால் நேர்க்கோணத்தில் வெட்டுங்கள். சாய்ந்த வெட்டு உள்ளிருக்கும் ரப்பர் வளையத்தில் முழுமையாகப் பதியாது. ஃபில்டரை நான் பம்புக்குப் பின்னால்தான் வைப்பேன், ஏனெனில் முன்னால் வைத்தால் அது அடைபடும்போது உறிஞ்சும் தடை கூடுகிறது. தயாரிப்பாளர் வேறு இடம் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சோதிக்கும்முன், எஞ்சினுக்குச் செல்லும் டியூபைக் கழற்றி அதன் முனையை ஒரு பாட்டிலில் விடுங்கள். இதைச் செய்யாமல் பம்பை ஓட்டினால் எரிபொருள் எஞ்சினுக்குள் தேங்கி, அடுத்த தொடக்கத்தில் வால்வழியே தீ நாக்கு நீளும். பிறகு, எஞ்சினையும் பம்பையும் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான ஈசியூவின் பம்ப் சோதனையை இயக்கி, காற்றுப்பொறிக்கும் பம்புக்கும் இடைப்பட்ட ஒளிபுகும் டியூபைக் கூர்ந்து பாருங்கள். தொடக்கத்தில் சில குமிழிகள் வருவது இயல்பு. தொடர்ந்து வந்தால் ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, மீண்டும் வெட்டிச் செருகுங்கள்.

ஈசியூவுக்கும் ரிசீவருக்கும் தனித்தனி பேட்டரி வையுங்கள். த்ராட்டிலின் நிறுத்தம், ஐடில், முழுநிலை ஆகிய மூன்றையும் ஈசியூவுக்குக் கற்பித்தபின், ரேடியோத் தொடர்பு அறுந்தால் செயல்படும் ஃபெயில்சேஃபை நிறுத்த நிலையில் அமைத்து, எரிபொருள் ஊற்றுவதற்கு முன்பே ட்ரான்ஸ்மிட்டரை அணைத்து ஈசியூவின் திரையில் உறுதிசெய்யுங்கள்.

முதல் தொடக்கத்தைத் திறந்தவெளியில், விமானத்தின் மூக்கைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி நிறுத்திச் செய்யுங்கள். பின்புறத்திலோ, சுழலி உடைந்தால் துண்டுகள் தெறிக்கும் பக்கவாட்டிலோ யாரும் நிற்கக்கூடாது. கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் உதவியாளரின் கையில் இருக்கட்டும். தூள் தீயணைப்பானும் தீயை அணைக்கும், ஆனால் எஞ்சினைப் பாழாக்கிவிடும். நிறுத்தியபின் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றிக் குளிர்விக்கும். அது முடியும்வரை பேட்டரியை அணைக்காதீர்கள்.

பின்சேர்க்கை: சோதனையில் குமிழியே வராமல், கழற்றி மாட்டிய பிறகு வரத் தொடங்குவதாக வாசகர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். செருகும் இணைப்பியின் பற்கள் டியூபின் மேல் கீறல் விடுகின்றன. அதே முனையை மறுபடி செருகினால் அந்தக் கீறல் வழியே காற்று நுழையக்கூடும். ஒவ்வொரு முறையும் முனையில் ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிட்டுச் செருகுங்கள். அதற்கேற்ப, தொடக்கத்திலேயே டியூபைச் சற்று நீளமாக விட்டுவையுங்கள்.