பெங்களூருக்குக் குடிபோகிறீர்களா? சாமான் கட்டுவதற்கு முன் கொஞ்சம் கணக்குப் போடுங்கள்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2017-ல் திண்டுக்கல்லில் இருந்து பெங்களூருக்கு வந்தபோது ஆபீஸ் ஒயிட்ஃபீல்டில், நான் வீடு பிடித்ததோ பனசங்கரியில். காரணம், அங்கே எங்கள் சித்தப்பா இருந்தார். "பக்கத்துல இருந்தா ஆத்திர அவசரத்துக்கு ஆகும்டா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை, ஆனால் காலையில் ஏழேகாலுக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு ஆபீஸ் போய்ச் சேர்ந்து, ராத்திரி அதே பாட்டைத் திரும்பப் பட்டு வீட்டுக்கு வந்தால் பையன் தூங்கியிருப்பான். ஐந்தாவது மாதம் வீட்டைக் காலி செய்தேன். பெயிண்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார்கள், மறுபடி புரோக்கர் கமிஷன், மறுபடி வண்டி வாடகை. சம்பளம் கூடியது எல்லாம் முதல் வருடம் இதிலேயே போனது.

அதனால் நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இதுதான். நீங்கள் தனியாகப் போங்கள், ஆபீஸ் பக்கத்தில் சாப்பாட்டோடு அறை தரும் ஒரு பி.ஜி.யில் இரண்டு மூன்று மாதம் இருங்கள், அப்புறம் வீடு பாருங்கள், குடும்பம் அதற்கும் அப்புறம். சாப்பாட்டைப் பற்றிப் புலம்புவீர்கள், பரவாயில்லை. வேலை பிடிக்கிறதா, ஆபீஸ் அதே இடத்தில்தான் இருக்கப் போகிறதா, வாரம் எத்தனை நாள் நேரில் போக வேண்டும் என்பதெல்லாம் இந்த இடைவெளியில் தெரிந்துவிடும்.

ஆஃபர் லெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடுங்கள். சி.டி.சி. (உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு) என்று போட்டிருக்கும் தொகையில் கம்பெனி பங்கு பி.எஃப்., கிராஜுவிட்டி, வருடக் கடைசியில் வருமோ வராதோ என்கிற வேரியபிள் எல்லாம் அடக்கம், அதையெல்லாம் கழித்துவிட்டு மாதம் கைக்கு வருவதை மட்டும் பாருங்கள். ஜாயினிங் போனஸ், குடிமாற்றச் செலவு என்று எதையாவது கொடுத்தால், ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று எங்கேயாவது பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தொழில்வரி நம் ஊரில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குப் போகும்; கர்நாடகத்தில் மாதச் சம்பளம் 25,000 அல்லது அதற்கு மேல் என்றால் மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300, ஆக வருடம் 2,500. சின்னத் தொகைதான். பழைய பி.எஃப். பணத்தை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள். யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண் மாநிலம் மாறினாலும் அதேதான், ஆன்லைனில் புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். மொத்த சர்வீஸ் ஐந்து வருடம் ஆகும் முன்னால் எடுத்தால் வரி வேறு வரும்.

சரி, வீடு. பெங்களூரை ஒரே ஊர் என்று நினைக்காதீர்கள். ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, வெளிவட்டச் சாலையில் பெல்லந்தூர் பக்கம், வடக்கே நாகவாராவில் மான்யதா டெக் பார்க், மேற்கே பீன்யா தொழிற்பேட்டை என்று ஒவ்வொன்றும் ஒரு தனி ஊர், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தினமும் போய்வருவது தண்டனை. மெட்ரோ ஓரளவு காப்பாற்றுகிறது: ஊதாப் பாதை ஒயிட்ஃபீல்டில் இருந்து சல்லகட்டா வரை, பச்சைப் பாதை மாதாவரா வரை, 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதை ஆர்.வி. ரோட்டில் இருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை. 2025 பிப்ரவரியில் கட்டணத்தை ஏற்றி அதிகபட்சம் 90 ரூபாய் ஆக்கிவிட்டார்கள், ஆனாலும் நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் நின்று பார்த்தவர்களுக்கு அது மலிவுதான். ஆபீஸும் வீடும் ஒரே பாதையில், ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் அமைந்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் எடுத்துவிடுங்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் பேரம் பேசக் கூச்சப்படாதீர்கள். பத்து மாத வாடகை கேட்பது அங்கே பழைய வழக்கம், இப்போது பலர் ஐந்து ஆறு மாதத்துக்கு இறங்கி வருகிறார்கள், பெரிய அபார்ட்மெண்ட்களில் இன்னும் குறைவாகவும் கிடைக்கும். 11 மாத அக்ரிமெண்ட்தான் போடுவார்கள். அதில் பெயிண்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், வாடகை எத்தனை சதவீதம் ஏறும், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும் என்ற மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். சாவி வாங்கும் அன்றே சுவர், பாத்ரூம் குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். போகும்போது "இந்த ஓட்டை நீங்க போட்டது" என்ற பேச்சு வராது.

லீஸ் என்று ஒன்று சொல்வார்கள், நம் ஊர் போக்கியம் மாதிரி. பல லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லை, இரண்டு மூன்று வருடம் கழித்துப் பணம் திரும்பி வரும். கேட்க நன்றாக இருக்கும். நடுவில் ஒரு ஆள் ஓனரிடம் மாத வாடகைக்கு எடுத்து, உங்களிடம் லீஸுக்கு விட்டு, மொத்தப் பணத்தோடு காணாமல் போகிற மோசடி அங்கே நடந்திருக்கிறது. ஓனரிடம் நேராகப் பேசாமல், வில்லங்கச் சான்று பார்க்காமல், பத்திரத்தைப் பதிவு செய்யாமல் பத்து பைசா கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் வெளியூரில் இருந்து புதிதாக வருகிறவர்கள் லீஸ் பக்கமே போக வேண்டாம்.

வீடு பார்க்கும்போது எல்லாரும் ஹாலைப் பார்ப்பார்கள், நீங்கள் தண்ணீரைப் பாருங்கள். காவேரித் தண்ணீர் வருகிறதா, வாரம் எத்தனை நாள், இல்லை போர்வெல் மட்டும்தானா, கோடையில் டேங்கர் அடித்தால் அந்தக் காசு மெயிண்டனன்ஸில் சேர்த்தியா தனியா? 2024 கோடையில் போர்வெல்கள் வற்றி நல்ல நல்ல அபார்ட்மெண்ட்களே திண்டாடின. அந்த வருடம் அக்டோபரில் காவேரி ஐந்தாம் கட்டத் திட்டத்தைத் தொடங்கி ஓரத்து 110 கிராமப் பகுதிகளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள், ஆனாலும் தெருவுக்குக் குழாய் வந்ததும் உங்கள் தொட்டிக்குத் தண்ணீர் வருவதும் ஒன்றல்ல. ஓனரை விட்டுவிடுங்கள், கீழ் வீட்டில் குடியிருக்கிறவரைக் கேளுங்கள்.

கரண்ட் பில் அங்கே மாதாமாதம் வரும், நம் இரண்டு மாதக் கணக்கும் 100 யூனிட் இலவசமும் கிடையாது. ஆனால் 2023-ல் கொண்டுவந்த, இலவச மின்சாரம் தரும் கிருஹ ஜோதி திட்டத்தில் வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம், உச்சவரம்பு 200 யூனிட், உங்கள் ஆதாரை அந்த மீட்டரின் ஆர்.ஆர். எண்ணோடு இணைக்க வேண்டும். முன்னால் இருந்தவர் தன் ஆதாரை விடுவித்தாரா என்று பாருங்கள், நீங்கள் காலி செய்யும்போதும் மறக்காமல் விடுவித்துவிடுங்கள். கேஸுக்கு, ஊரில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் டெபாசிட்டைத் திருப்பித் தந்து ஒரு வவுச்சர் தருவார்கள், புது ஊர் ஏஜென்சியில் அதைக் காட்டி இன்றைய டெபாசிட்டைக் கட்டி இணைப்பைத் தொடரலாம். பத்து வருடத்துக்கு முன் கட்டிய டெபாசிட் மாதிரி இருக்காது.

வண்டிதான் பெரிய தலைவலி. மோட்டார் வாகனச் சட்டப்படி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநில எண் வாங்க வேண்டும். அதற்கு நம் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), வண்டிக்குக் கடன் இருந்தால் பேங்கிடமும் ஒப்புதல், பிறகு அங்கே ஆயுள்வரி. கர்நாடகத்தில் காருக்கு இந்த வரி விலையைப் பொறுத்து 13 சதவீதத்தில் ஆரம்பித்து 18 வரை போகும், வண்டி பழசாக ஆகக் குறையும். ஊரில் கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திரும்பக் கேட்கலாம், பொறுமை வேண்டும். பழைய கார் என்றால் ஊரிலேயே விற்றுவிட்டுப் போவது பல நேரம் லாபம். புதிதாக வாங்கப் போகிறீர்கள், நாலு மாநிலத்துக்குக் குறையாமல் ஆபீஸ் உள்ள கம்பெனியில் வேலை என்றால் 2021-ல் வந்த பி.எச். எண்ணைப் பற்றி விசாரியுங்கள், மாநிலம் மாறினாலும் எண் மாறாது.

இந்த வண்டித் தொல்லையும் அடுத்துச் சொல்லப்போகிற ரேஷன் தொல்லையும் வேண்டாம், ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி அல்லது பொம்மசந்திரா பக்கம்தான் என்றால் ஓசூரில் குடியிருப்பது ஒரு நல்ல வழி, பலர் அப்படித்தான் இருக்கிறார்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் வேலை, திரும்பினால் தமிழ்நாடு. காலை நெரிசலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்து ஏமாறாதீர்கள்.

ரேஷன் கார்டு அப்பா அம்மாவோடு ஊரில் இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தகுதியுள்ள கார்டுக்கு அரிசி, கோதுமை அங்கே வாங்கலாம், பருப்பும் பாமாயிலும் பொங்கல் பரிசும் அங்கே வராது. ஓட்டு மாற்ற படிவம் 8. ஆதார் முகவரியை வாடகை அக்ரிமெண்ட் கைக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள், மற்ற எல்லாம் அதன் பின்னால் வரும்.

பிள்ளைகள் படிப்பில் அவசரப்படாதீர்கள். கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1-ல் ஆறு வயது முடிந்திருக்க வேண்டும் என்பது விதி, நம் பக்கம் ஐந்து முடிந்தாலே சேர்த்துவிடுவோம், இங்கே ஒன்று முடித்த பிள்ளைக்கு அங்கே வயது போதாது என்று சொல்ல வாய்ப்புண்டு. 2015-ல் வந்த சட்டத்தின்படி சி.பி.எஸ்.இ. பள்ளியிலும் கன்னடம் ஒரு பாடம், அதனால் சின்ன வகுப்பில் போனால் சுலபம், எட்டாம் வகுப்பில் போனால் பிள்ளை திணறும். டி.சி.யில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்கிற பள்ளிகள் உண்டு, ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். இன்னொன்று, நம் எஸ்.சி., பி.சி. சான்றிதழ்கள் அந்த மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. அங்கே தொழிற்கல்வியில் மாநில இடம் வேண்டுமானால் பொதுவாக ஏழு வருடம் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், இங்கே 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கோ ஆறிலிருந்து பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளி. ஒன்பது, பத்தில் பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்கக்கூடும். அந்த வயதுப் பிள்ளை இருந்தால் நீங்கள் மட்டும் போய் வாராவாரம் வந்துபோவதே மேல் என்பேன்.

கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கம் தமிழிலேயே காலம் தள்ளலாம், அல்சூர் ஏரிக்கரையில் 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலைகூட இருக்கிறது. ஆனாலும் ஓனர், வாட்ச்மேன், வார்டு ஆபீஸ் என்று வரும்போது நாலு வார்த்தை கன்னடம் செய்கிற வேலையை ஆங்கிலம் செய்யாது. நமக்கு அது கஷ்டமும் இல்லை. நம் பல சொற்களில் முதல் பகரத்தை ஹகரமாக்கினால் பாதி வந்துவிடும்: பால் ஹாலு, பத்து ஹத்து, பூ ஹூவு, புலி ஹுலி. மாரத்தஹள்ளி என்ற பகுதியின் பெயரில் இருப்பது நம் ஊர்ப் பெயர்களில் வரும் 'பள்ளி'தான். பேக்கு என்றால் வேண்டும், பேடா என்றால் வேண்டாம், எஷ்டு என்றால் எவ்வளவு. "கன்னட கலீத்தா இத்தீனி" (கன்னடம் கற்றுக்கொண்டிருக்கிறேன்) என்று சிரித்துக்கொண்டே சொன்னால் ஆட்டோக்காரரே மீதியைச் சொல்லித்தருவார். காவிரிப் பிரச்சினை சூடாக இருக்கும் நாட்களில் மட்டும் தமிழ்நாட்டு எண் வண்டியை வெளியே எடுக்காதீர்கள். 2016 செப்டம்பரில் நம் பதிவு எண் பேருந்துகளை எரித்தார்கள். மற்ற நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் நம் ஊர்க்காரர் மாதிரிதான்.

சாமான் கட்டும்போது பீரோவையும் பழைய கட்டிலையும் ஊரிலேயே விடுங்கள், குறுகலான மாடிப்படியில் ஏறாது. மூவர்ஸ்காரரிடம் பொருள் பட்டியல், மாடி, லிஃப்ட் உண்டா என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்து மொத்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். எங்கள் சாமானை ஏற்றிய பிறகு கிருஷ்ணகிரி தாண்டி போன் செய்து கூட ஆறாயிரம் கேட்டார்கள், வண்டிக்குள் இருப்பது நம் பொருள், என்ன செய்வது? கொடுத்தேன். சான்றிதழ், நகை, மிக்ஸி ஜார் மூன்றும் உங்களோடு வரட்டும். ஏ.சி. வேண்டாம், ஊர் 900 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குப் பதில் ஜூலையில் துணி காயாது, கொடி கட்ட இடம் இருக்கிற வீடாகப் பாருங்கள்.

அப்புறம் டிக்கெட். இப்போது ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும், பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்றால் நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்கு ஃபோனும் கையுமாக உட்கார வேண்டும். விட்டுவிட்டால் மடிவாளாவில் ராத்திரி பதினோரு மணிக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு மடங்கு விலை சொல்லும் ஆம்னி பஸ்ஸுக்காகக் காத்திருப்பீர்கள். அங்கே என்னையும் பார்க்கலாம், நான் வருடா வருடம் மறந்துவிடுகிறேன்.