பரோக் புல்லாங்குழல்: நாதத்தைக் கெடுக்கும் தவறுகள்

ஐரோப்பாவின் பரோக் இசைக் காலத்தில் (ஏறத்தாழ 1600 முதல் 1750 வரை) வாசிக்கப்பட்டது பரோக் புல்லாங்குழல். அதற்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே வெள்ளி ஃப்ளூட் வாசிக்கத் தெரிந்தவர்கள். சிரமமும் அவர்களுக்குத்தான் அதிகம். விரலும் மூச்சும் நன்றாகவே பழகியிருக்கும், ஆனால் வேறொரு கருவிக்குப் பழகியிருக்கும். இன்றைய ஃப்ளூட்டின் அடிப்படை, தியோபால்ட் போம் 1847-இல் வடிவமைத்த உலோகக் குழல். பரோக் குழல் 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் உருவம் பெற்றது. மரத்தால் ஆனது. ஆறு விரல் துளைகள், சுண்டுவிரலுக்கு ஒரே ஒரு சாவி, அவ்வளவுதான். தலைப்பகுதியில் உட்குழாய் ஒரே அகலமாக இருக்கும், அதன் பிறகு கீழே போகப் போகக் குறுகும். ஊதும் துளை மிகவும் சிறியது: ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், வட்டமாகவோ லேசான முட்டை வடிவிலோ இருக்கும்.

இந்தச் சின்னத் துளைக்குள் பெரிய குழலுக்கான காற்றை அனுப்புவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் மூத்தது. சத்தம் போதவில்லை என்று தோன்றுகிறது, உடனே மூச்சை அழுத்துகிறோம். சுருதி ஏறுகிறது, நாதத்தோடு காற்றிரைச்சல் கலக்கிறது, இன்னும் அழுத்தினால் ஸ்வரம் உடைந்து மேல் ஸ்தாயிக்குத் தாவுகிறது. அதைப் பிடித்து நிறுத்த உதட்டை இறுக்குகிறோம், நாதம் மெலிந்துபோகிறது. இந்தச் சுழலிலிருந்து வெளியே வர, முதலில் சத்தத்தின் மீதுள்ள ஆசையை விட வேண்டும்.

கீழ் ஸ்தாயியில் ஜி, ஏ, பி ஆகிய மூன்று ஸ்வரங்களில் தொடங்குங்கள். மூன்றுமே இடது கை ஸ்வரங்கள், சுலபமாகப் பேசும். வாயின் ஓரங்களைச் சிரிப்பதுபோல இழுக்காமல் தளர்வாக விடுங்கள். உதடுகளுக்கு நடுவே காற்று வரும் இடைவெளி சிறியதாக இருக்கட்டும், தொண்டை மட்டும் திறந்திருக்கட்டும். சாதாரணமாகப் பேசும்போது செலவாகும் மூச்சே போதும். கொஞ்ச நேரத்தில் நாதத்துக்கு நடுவே ஒரு கெட்டியான கரு இருப்பது காதுக்குப் பிடிபடும். அதைக் கையோடு அழைத்துக்கொண்டு எஃப் ஷார்ப் (எஃப்-ஐவிட அரை ஸ்வரம் மேலே), ஈ, டி என்று ஒவ்வொன்றாகக் கீழே இறங்குங்கள். அடி டி வரவில்லையென்றால் மூச்சைக் கூட்டாதீர்கள். காற்றின் திசையைக் கொஞ்சம் கீழ்நோக்கித் திருப்பிப் பாருங்கள்.

எந்த நாதத்தைத் தேடுகிறோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்குக் குழல் கற்றுத்தந்த யோஹான் யோவாகிம் க்வான்ட்ஸ், 1752-இல் பெர்லினில் வெளியிட்ட தன் நூலில் இதற்கு ஒரு அளவுகோல் தருகிறார். மிக இனிமையான குழல் நாதம் உச்சத்தில் பாடும் சொப்ரானோ குரலைவிட, அதற்குக் கீழே பாடும் ஆல்டோ குரலையே நெருங்கியிருக்கும், மனிதர் நெஞ்சிலிருந்து பாடும் குரலைப் போலிருக்கும் என்கிறார். பளிச்சென்று மின்னும் உச்சக் குரலைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் குழல் கடைசிவரை ஏமாற்றமாகவே இருக்கும். ஆல்டோவைத் தேடுபவருக்கு முதல் வாரத்திலேயே ஏதாவது கிடைத்துவிடும்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், குழலை உட்பக்கமாக உருட்டித் துளையை உதட்டால் அதிகம் மூடிக்கொள்வது. அப்படிச் செய்தால் வாசிப்பவர் காதுக்கு நாதம் கூர்மையாகக் கேட்கும். அறையின் மறுமூலையில் இருப்பவருக்கோ அது ஒடுங்கிய, சுருதி தாழ்ந்த ஒலி. துளையில் மூன்றில் ஒரு பங்கை மூடித் தொடங்குவது பாதுகாப்பான அளவு. பிறகு அவரவர் உதட்டுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

சரி, மேல் ஸ்தாயிக்கு வருவோம். ‘மேலே போக வேண்டுமா, பலமாக ஊது’ என்ற எண்ணம் எல்லோருக்கும் இயல்பாகவே வருகிறது. இதைப் பற்றி 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விவாதம் நடந்திருக்கிறது. ஜாக் தெ வோகான்சோன் 1738-இல் பாரிஸில், நிஜமாகவே குழல் ஊதும் ஓர் இயந்திர மனிதனைக் காட்சிக்கு வைத்தார். மேல் ஸ்வரங்களுக்குக் காற்றின் விசை கூட வேண்டும் என்பது அவருடைய விளக்கம். க்வான்ட்ஸ் அதை ஏற்கவில்லை. தாடையையும் உதட்டையும் முன்னே நகர்த்தித் துளையை இன்னும் கொஞ்சம் மூட வேண்டும், விசையைக் கூட்டி அல்ல என்று எழுதினார். வாசிப்பவர்களுக்கு க்வான்ட்ஸின் வழியே உதவும். உதட்டிலிருந்து கிளம்பும் காற்று, துளையின் எதிர் விளிம்பைச் சென்று சேர எடுக்கும் நேரம் குறைந்தால் குழல் மேல் ஸ்தாயிக்குப் போகும். வேகத்தைக் கூட்டியும் அந்த நேரத்தைக் குறைக்கலாம், தூரத்தைக் குறைத்தும் குறைக்கலாம். தூரத்தைக் குறைத்தால் நாதம் மென்மையாகவே இருக்கும். விசையை மட்டும் நம்பினால் மேல் ஸ்வரங்கள் கத்தும். ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் தனிக் குழலுக்கான ஏ மைனர் பார்ட்டீட்டாவில் (பல நடனப் பகுதிகள் கோத்த படைப்பு) முதல் பகுதி மிக உயரத்தில் உள்ள ஏ-யில் முடிகிறது. அதை அலறாமல் வாசிப்பதற்கான பயிற்சி, கீழ் டி-யிலிருந்து நடு டி-க்கு உதட்டை மட்டும் நகர்த்தி மெதுவாகப் போய்வருவதில் தொடங்குகிறது.

அடுத்த தவறுதான் என் பார்வையில் மிக ஆழமானது: எல்லா ஸ்வரங்களையும் ஒரே மாதிரி ஒலிக்க வைக்கப் பாடுபடுவது. போமின் குழலில் ஒவ்வொரு அரை ஸ்வரத்துக்கும் தனித் துளை உண்டு. பரோக் குழலில் கிடையாது. இதற்கு டி மேஜர், அதாவது டி-யில் தொடங்கும் மேஜர் ஸ்வர வரிசைதான் சொந்த வீடு. அதில் இல்லாத ஸ்வரங்களில் பலவற்றை, நடுவில் ஒரு துளையைத் திறந்து, அதற்குக் கீழே உள்ளதை மூடித்தான் வாசிக்க வேண்டும். எஃப் ஸ்வரத்துக்கு வலது கை நடுவிரல் மேலே, மோதிரவிரல் கீழே. ஜி ஷார்ப், பி ஃபிளாட் (பி-யைவிட அரை ஸ்வரம் கீழே) இரண்டும் இந்த ரகம்தான். இவை திரைக்குப் பின்னிருந்து வருவதுபோல மங்கலாகப் பேசும்.

அந்த மங்கலைக் குறை என்று எண்ணி எஃப்-ஐ ஓங்கி ஊதுகிறார்கள். ஏற்கெனவே சுருதி உயர்ந்து நிற்கும் ஸ்வரம் அது. இன்னும் ஏறிப்போகிறது, இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. எஃப் வருவதற்கு முன்னால் உள்ள ஈ-யையும் ஜி-யையும் சற்றே சிறிதாக்குங்கள். எஃப் தன் இயல்பான அளவிலேயே அந்த வரிசையில் பொருந்திவிடும். அன்றைய இசையமைப்பாளர்கள் இந்த ஏற்ற இறக்கத்தை அறிந்தே எழுதினார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இயேசு பட்ட பாடுகளை மத்தேயு நற்செய்தியின்படி சொல்லும் ‘செயின்ட் மாத்யூ பேஷன்’ இசையில் பாஹ் சொப்ரானோவுக்கும் குழலுக்கும் சேர்த்து எழுதிய ‘அவுஸ் லீபெ’ பாடல் ஏ மைனரில் இருக்கிறது. அந்த மைனரில் எஃப், ஜி ஷார்ப் இரண்டுமே முக்கியமானவை. பலமான ஸ்வரங்களுக்கு நடுவே அந்த இரண்டும் உள்ளடங்கி வரும்போது பாடலின் வேதனை கூடுகிறது. அவற்றை இழுத்துத் தேய்த்துச் சமப்படுத்தினால் அந்த வேதனை போய்விடும்.

ட்யூனர் செயலியைப் பார்த்துக்கொண்டே வாசிப்பதும் இதே தவறின் இன்னொரு முகம். ஏ ஸ்வரத்தை 415 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 415 அதிர்வு) என்று வைத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஆனால் செயலி வழக்கமாகக் காட்டுவது பியானோவின் சம இடைவெளி. டி-யோடு சேர்ந்து சுத்தமாக ஒலிக்கும் எஃப் ஷார்ப் அதைவிட ஏறத்தாழ 14 சென்ட் தாழ்வானது (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). பரோக் குழலின் எஃப் ஷார்ப் இயல்பிலேயே தாழ்ந்துதான் இருக்கும். அதை முள்ளுக்காக ஏற்றப்போனால் நாதமும் கெடும், சுத்தமும் கெடும். பியானோவில் ஒரே கட்டையாக இருக்கும் டி ஷார்ப்பும் ஈ ஃபிளாட்டும்கூட அக்காலக் காதுக்கு ஒரே ஸ்வரம் அல்ல, ஈ ஃபிளாட் சற்று உயரம். இதற்காகவே க்வான்ட்ஸ் 1726-இல் தன் குழலில் இரண்டாவது சாவி ஒன்றைச் சேர்த்தார்.

முள்ளுக்குப் பதில் சுருதிப் பெட்டியோடு வாசியுங்கள். 415 குழலின் டி, இன்றைய சி ஷார்ப். அதாவது நம் ஒன்றரைக் கட்டை. கர்நாடக சங்கீதக்காரர் வீட்டில் இருக்கும் பெட்டியே இதற்குப் போதும். சுருதியோடு ஸ்வரம் கரையும் இடத்தில் நாதமும் தானாகத் திறந்துகொள்வதைக் கேட்கலாம்.

அதிர்வு பற்றியும் சொல்ல வேண்டும். நவீனப் பாணியில் எல்லா நீண்ட ஸ்வரங்களிலும் மூச்சு அதிர்வு ஓடிக்கொண்டே இருக்கும். பரோக் குழலில் அதை அப்படியே கொண்டுவந்தால் மெல்லிய நாதம் கலங்கிவிடும். அக்காலத்தவர் நீண்ட ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, வளர்த்து, மீண்டும் மெல்ல அடக்கினார்கள். அதிர்வு வேண்டிய இடத்தில் ‘ஃப்ளாத்மா’ என்ற விரல் அணியைப் பயன்படுத்தினார்கள். திறந்திருக்கும் ஒரு துளையை அல்லது அதன் ஓரத்தை விரலால் மெதுவாகத் தட்டினால் சுருதி சற்றே இறங்கி ஏறும். ஜாக்-மார்தான் ஓத்தெதேர் 1707-இல் பாரிஸில் வெளியிட்ட குழல் பாட நூலில் எந்த ஸ்வரத்துக்கு எந்தத் துளை என்றே குறித்துவைத்திருக்கிறார். ஸ்வரத்தை வளர்க்கும்போது சுருதி ஏறும், அடக்கும்போது இறங்கும். தாடையை லேசாக அசைத்து அதை ஒரே இடத்தில் நிறுத்தப் பழகுவதுதான் இதில் உள்ள உண்மையான வேலை.

நாக்கை மறந்துவிட்டு நீண்ட ஸ்வரங்களை மட்டுமே ஊதிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. நாதம் பிறப்பதே ஸ்வரத்தின் தொடக்கத்தில்தான். ஓத்தெதேர் ‘து’, ‘ரு’ என்ற இரண்டு அசைகளை மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்கிறார். க்வான்ட்ஸ் ‘தி’, ‘டி’ என்று வன்மையும் மென்மையுமாகப் பிரிக்கிறார். தினமும் கொஞ்ச நேரம் ஒரே ஸ்வரத்தில் இவற்றை வாசித்துப் பாருங்கள்.

உதட்டைக் குறை சொல்வதற்கு முன் குழலையும் பாருங்கள். அடி ஸ்வரங்கள் திடீரென்று பேச மறுத்தால் எங்காவது காற்றுக் கசியலாம்: சாவியின் தோல், இணைப்பில் சுற்றிய நூல், துளையைச் சரியாக மூடாத மோதிரவிரல். தலைப்பகுதிக்குள் இருக்கும் தக்கை இடம் மாறியிருந்தால் கீழ் டி-யும் மேல் டி-யும் ஒன்றோடொன்று சேராது. புது மரக் குழலை முதல் சில வாரங்கள் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வாசிக்க வேண்டாம். உள்ளே ஈரம் ஒரேயடியாக ஏறினால் மரம் வெடிக்கும். வாசித்து முடித்ததும் துணியால் துடைத்து, வெயிலும் ஏசி காற்றும் நேராகப் படாத இடத்தில் வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு அவ்வப்போது உட்புறம் பாதாம் எண்ணெய் தடவலாம், சாவித் தோலில் மட்டும் படக்கூடாது. இந்தக் கவலையெல்லாம் இல்லாமல் தொடங்க வேண்டுமென்றால் ஜப்பானில் ஆலோஸ் என்ற பெயரில் செய்யப்படும் பிளாஸ்டிக் பரோக் குழல் நல்ல தொடக்கம்.

அப்புறம், எதை வாசிப்பது என்பதில் ஒரு தவறு. குழல் கைக்கு வந்ததும் நேராகப் பாஹிடம் போகிறார்கள். அவருடைய நீண்ட வரிகளில் மூச்சு எடுக்கவே இடம் இருக்காது, அந்தத் தவிப்பில் நாதத்தைக் கவனிக்க முடியாது. மிஷேல் தெ லா பார் 1702-இலும் ஓத்தெதேர் 1708-இலும் வெளியிட்ட பிரெஞ்சுத் தொகுப்புகளில் தொடங்குங்கள். பெரும்பாலும் டி, ஜி, ஈ மைனர் போன்ற குழலுக்கு இசைவான இடங்களில், நிதானமான வேகத்தில் எழுதப்பட்டவை. துணைக்கு இன்னொரு குழல் இருந்தால் பிரெஞ்சு இசையமைப்பாளர் புவாமோர்த்தியேயின் இரட்டைக் குழல் பாடல்களை வாசிக்கலாம். அடுத்தவர் ஸ்வரத்தோடு உங்கள் ஸ்வரம் சேர்கிறதா என்பது அங்கே உடனுக்குடன் தெரிந்துவிடும்.